கௌரம்மா அழிக்க மறுத்த கேள்வி

பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. கைப்பேசிகளைத் தலைமையாசிரியர் அறையில் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள். நான் ஒரு மாணவியிடம் வாய்மொழிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது அலுவலக உதவியாளர் கதவருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மாணவியை இருக்கச் சொல்லிவிட்டு வெளியே போனேன்.

"கௌரம்மா டீச்சர் தவறிட்டாங்களாங்க. உங்க வீட்டுக்காரர் ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னாரு" என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்தப் பெண் டையோடைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. முழு மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டேன். கௌரம்மா இருந்திருந்தால், காதில் விழாத பதிலுக்கு எப்படி மார்க் போட்டாய் என்று என்னை ஒரு வாரம் குடைந்தெடுத்திருப்பார்.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களுமான நீங்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். அதனால் அவர் பெருமையை நான் ஒன்று, இரண்டு என்று அடுக்கப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் அவரோடு ஏழு மாதம் பேசாமல் இருந்தேன். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசை, அப்படியும் பேசவில்லை. அது ஏன் என்பதைச் சொல்லிவிட்டால் என் மனம் கொஞ்சம் ஆறும்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. என் கணவர் முருகேசனுக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை கிடைத்ததால் மாறுதல் கேட்டு வாங்கி வந்தவள். வந்த புதிதில் எனக்கு இந்த ஊர் மேல் ஏகப்பட்ட குறை. குளிர், லாரிச் சத்தம், கடைக்குப் போனால் தெலுங்கில் ஒருவர், கன்னடத்தில் ஒருவர். பள்ளியில் எனக்கு மூத்த இயற்பியல் ஆசிரியையாகக் கௌரம்மா இருந்தார். தளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வீட்டில் கன்னடம். வகுப்பில் கணக்குப் போடும்போது மட்டும் எண்களைக் கன்னடத்தில் முணுமுணுப்பார். பிளஸ் டூ ஏ பிரிவு அவருக்கு, பி பிரிவு எனக்கு. நடுவே ஒரு மரத்தடுப்பு. அவர் பேசுவது ஒன்றுவிடாமல் என் வகுப்பில் கேட்கும். இவர் போய் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறாரா என்று எனக்கு இளக்காரம். அந்த இளக்காரம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஒளிமின் விளைவு நடத்திக்கொண்டிருந்தோம். சிவப்பு ஒளியை எவ்வளவு பாய்ச்சினாலும் சில உலோகங்களிலிருந்து ஓர் எலக்ட்ரான்கூட வெளியேறாது. மங்கலான ஊதா ஒளி பட்டால் உடனே வெளியேறும். ஏன்? என் வகுப்பில் நான் பயன்தொடக்க அதிர்வெண்ணின் வரையறையைப் பத்துத் தடவை எழுதச் சொல்லியிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"மாமரத்துல ஒரு மாங்கா தொங்குது. நீங்க நாப்பது பேரும் சேர்ந்து புளியங்கொட்டையா வீசுறீங்க. விழுமா? சாயங்காலம் வரைக்கும் வீசுங்க, விழாது. அடிச்ச அடியெல்லாம் மாங்கா சேத்து வெச்சுக்காது. இப்ப ஒருத்தி மட்டும் ஒரு கல்லை எடுத்து வீசட்டும்."

புளியங்கொட்டை சிவப்பு ஒளி, கல் ஊதா ஒளி. என் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். கடைசியில் அவர் எப்போதும் சொல்வதையும் சொன்னார்: "மாங்கா பழுத்தா தானா விழும், எலக்ட்ரான் பழுக்காது. இதுக்கு மேல இந்த உதாரணத்தை இழுக்காதீங்க, கிழிஞ்சுடும்." உதாரணம் சொல்லுகிற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அது எந்த இடத்தில் பொய்யாகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். மறுநாள் அந்த மாங்காயை வெட்கமில்லாமல் என் வகுப்பில் என்னுடையதாகச் சொன்னேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்கும்.

கரும்பலகையின் வலது மூலையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மேலே ஒரு சின்னக் கட்டம். அதற்குத் தலைப்பு, 'தெரியாது'. மாணவிகள் கேட்டு அவருக்கு விடை தெரியாத கேள்வி அதில் ஏறும். விடை கிடைத்த பிறகுதான் அழியும். பெருக்குகிற அம்மாவுக்குக்கூட அந்தக் கட்டத்தைத் தொட அனுமதி கிடையாது. டிவி ரிமோட்டின் ஒளி கண்ணுக்குத் தெரியவில்லை, கைப்பேசிக் கேமராவில் மட்டும் எப்படித் தெரிகிறது என்ற கேள்வி ஒரு பருவம் முழுக்க அங்கே இருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கைப்பேசி பழுது பார்ப்பவரிடம் போய் உட்கார்ந்து, பழைய கேமரா ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லி, விளங்கிக்கொண்டு வந்து அழித்தார். ஒரு முறை ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஆசிரியருக்குத் தெரியாததைப் போர்டில் எழுதி வைத்தால் பிள்ளைகளுக்கு எப்படி மரியாதை வரும் என்று கேட்டார். கௌரம்மா ரொம்பப் பணிவாக, "தெரிஞ்சதெல்லாம் புத்தகத்துலயே இருக்குதுங்க சார்" என்றார்.

எனக்கு அப்படி ஒரு கட்டம் போடத் தைரியம் வந்ததே இல்லை. தெரியாத கேள்வி வந்தால், "சிலபஸ்ல இல்ல, உக்காரு" என்பேன். அதற்கு மேல் எவளும் வாயைத் திறக்க மாட்டாள்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது தொழிற்சாலை வாசலை மிதித்தவராக இருப்பார். அதனால் ஒளி உணரியை நடத்தும்போது கௌரம்மா பிரஸ் மெஷினைத்தான் எடுத்துக்கொள்வார். தகட்டை அச்சில் வைத்துக் காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து ஒரே அடி, பாகம் தயார். கை உள்ளே இருந்தால் கையும் தயார். அதைத் தடுக்க ஒரு சென்சார் வைத்திருப்பார்கள். அதிலிருந்து ஓர் ஒளிக்கோடு கிளம்பி, எதிரே இருக்கும் ரிஃப்ளெக்டரில் பட்டு, சென்சாருக்கே திரும்பி வரும். திரும்பி வரும் ஒளி உள்ளே இருக்கும் குறைக்கடத்தியில் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிட்டபடி இருக்கும்வரை மெஷின் ஓடும். நடுவே கை போனால் ஒளி வராது, எலக்ட்ரான் கிளம்பாது, மெஷின் நின்றுவிடும். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வருகிற சங்கதி பத்து விரலைக் காப்பாற்றுகிறது என்று சொல்லி முடித்தார். அப்போது பவித்ரா என்ற பெண் எழுந்தாள். அதிகம் பேசாத பெண்.

"மிஸ், எதிர்ல இருக்குற ரிஃப்ளெக்டர்ல பட்டும் லைட்டு திரும்புது. சென்சாருக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனா அதுல பட்டும் திரும்புமில்லீங்களா? எங்க பட்டுத் திரும்புச்சுன்னு சென்சாருக்குத் தெரியுமா மிஸ்?"

தடுப்புக்கு இந்தப் பக்கம் என் கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

ஏனென்றால் எனக்கு விடை தெரியும். என் கணவர் அப்போது ஒரு சிறிய பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். லேசாகக் கை அசைந்தாலே சென்சார் மெஷினை நிறுத்திவிடுகிறது, உற்பத்தி எண்ணிக்கை வருவதில்லை, மேலே இருப்பவர்கள் தினமும் அவர் தலையை உருட்டுகிறார்கள். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரைத் துண்டாக்கி ஒவ்வொரு சென்சாரின் மூக்குக்கு நேராகவும் ஒட்டிவிட்டார். ஒளி போன வேகத்தில் திரும்பிவிடும். கை உள்ளே இருந்தாலும் சென்சாருக்குப் பாதை காலி. இதை அவர் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். எல்லா ஷாப்பிலும் இதுதான் நடக்கிறது, ஒழுங்காக வேலை பார்த்தால் ஒன்றும் ஆகாது என்றார். ஒளிமின் விளைவு நடத்துகிற நான், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

பவித்ராவின் அம்மா மஞ்சுளா அதே ஷாப்பில் பிரஸ் ஓட்டுபவர். பெண் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒரு சந்தேகம் கேட்டாள், அவ்வளவே. கௌரம்மாவும் தெரியாது என்று சொல்லி அதைக் கட்டத்தில் எழுதிவிட்டார்.

அன்று மதியமே அவரிடம் போய், அந்தக் கேள்வி பாடத்துக்குத் தேவையில்லை, அழித்துவிடுங்கள் என்றேன்.

"விடை தெரியாம எப்படி அழிக்கிறது? உனக்குத் தெரியுமா செல்வி?"

"தெரியாதுக்கா" என்றேன்.

அந்தச் சொல்லை அவர் உண்மையாகச் சொல்வார். நான் பொய்யாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கள்ளங்கபடம் இல்லாமல்தான் வந்தார். தோட்டத்து முள்ளங்கி ஒரு பை கொண்டுவந்திருந்தார். பிரஸ் ஷாப் ஆளைக் கேட்டால் விடை கிடைக்கும் என்று என் கணவரிடம் கேள்வியைச் சொன்னார். என் கணவர் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கௌரம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

தொழிற்சாலைக்குப் போய்ப் புகார் சொல்லப்போவதில்லை என்றார். திங்கட்கிழமை மூன்றாவது பீரியடு, விடையைப் பிள்ளைகளிடம் நீங்களே வந்து சொல்லுங்கள் என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. இவர் வேலை போனால் நீங்களா வந்து எங்களுக்குச் சோறு போடுவீர்கள் என்று கத்தினேன். வீட்டுக்கு வந்த பெரியவரை, கையில் முள்ளங்கிப் பையோடு நின்றவரை, வாசலில் வைத்துக் கத்தினேன். அவர் குரல் உயரவில்லை.

"வேலை வேற எடத்துல கெடைக்கும் செல்வி. வெரல் கெடைக்காது."

என் கணவர் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். போனார். டிபன் பையில் ஒரு சென்சாரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது பீரியடு முழுக்க நான் என் வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து, தடுப்பு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். சென்சாரோடு ஒரு பல்பை இணைத்திருப்பதாகச் சொன்னார். பல்பு எரிந்தால் மெஷின் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கையை நீட்டினால் பல்பு அணைவதைப் பாருங்கள் என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு, சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு மறுபடி கையை நீட்டுகிறேன் என்றார். இந்த முறை ஒருவரும் கை தட்டவில்லை. பல்பு எரிந்துகொண்டே இருந்திருக்கும்.

"சென்சாருக்குத் தெரியாதும்மா. ஒட்டுனது நான்தான்" என்றார் என் கணவர்.

கௌரம்மா டஸ்டரை அவர் கையில் கொடுத்தாராம். அவரே அந்தக் கேள்வியை அழித்தாராம். இதைப் பிறகு பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று மதிய ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பே எல்லா ஸ்டிக்கரையும் பிய்த்துவிட்டார். எண்ணிக்கை குறைந்தது. கேட்டார்கள், உள்ளதைச் சொன்னார். இரண்டு மாதத்தில் அவரை லைனிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. நல்லவேளை, அடுத்து வந்தவர் மறுபடி ஒட்டத் துணியவில்லை. என் கணவர் வாய் திறந்து ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அந்த எரிச்சலை எல்லாம் கௌரம்மா மேல் கொட்டினேன். கொட்டவும் இல்லை, பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

அவர் தினமும் இரண்டு டப்பா கொண்டுவருவார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. களியும் அவரைக்காய்க் குழம்பும். நான் ஓசூர் வந்த முதல் வாரத்திலிருந்து அந்த வழக்கம். பேச்சை நிறுத்திய பிறகும் என் மேசையில் டப்பா வந்தது. நான் தொட மாட்டேன். மாலையில் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவார், மறுநாள் மறுபடி கொண்டுவந்து வைப்பார். ஒரு நாள்கூட அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. தான் செய்தது சரி என்று தெரிந்தவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அன்று எனக்கு அது திமிராகத் தெரிந்தது.

ஏழாவது மாதம் பெற்றோர் கூட்டம். மஞ்சுளா பெண்ணின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வந்தார். என்னை சூப்பர்வைசர் வீட்டம்மா என்று தெரிந்துகொண்டு தேடி வந்தார். எனக்கு எதையோ சொல்லிக் காட்டப்போகிறார் என்றுதான் தோன்றியது.

"தகடு சிக்கிக்கிச்சுங்க டீச்சர். எடுக்கலாம்னு நான் பாட்டுக்குக் கைய உள்ள உட்டுட்டனுங்க. காலு பெடல் மேலயே இருந்திருக்குது, அழுத்திட்டனுங்க. பாதியில வந்து மெஷின் நின்னுடுச்சு." பிறகு, "சார்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

வலது கையை நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார். மஞ்சள் கிழங்கு தேய்த்த, நகம் தேய்ந்த, ஐந்து விரலும் உள்ள கை. அதைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். சுற்றிலும் பெற்றோர்கள், தலைமையாசிரியர். எனக்கு யாரையும் பற்றிக் கவலை இல்லை.

மதியம் என் மேசையில் இருந்த டப்பாவைத் திறந்தேன். கௌரம்மா தன் டப்பாவிலிருந்து நிமிரவில்லை.

"உப்பு கம்மியா இருக்கும், பாத்துக்க" என்றார்.

அவ்வளவுதான் எங்கள் சமாதானம். வீட்டில் மஞ்சுளா சொன்னதைச் சொன்னபோது என் கணவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றார். அதற்குப் பிறகு ஸ்டோர்ஸ் வேலை எங்களுக்குக் கனமாக இல்லை.

கௌரம்மா ஓய்வுபெற்ற மறு வருடமே நோய் வந்துவிட்டது. பெங்களூரில் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். எல்லோரும் பதைபதைத்துக்கொண்டிருந்தோம். இவர் என்னடாவென்றால் கல்லூரியில் இடம் கிடைத்த பெண்போல எனக்குப் போன் செய்கிறார்: "செல்வி, பாசிட்ரான்னு நாலு வரி சொல்லிட்டுப் போயிடுவமே, அது இப்ப என் உடம்புக்குள்ள இருக்குது!" என் வகுப்பில் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். போட்டேன். ஊசியில் ஏற்றுகிற மருந்திலிருந்து பாசிட்ரான், அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகள், வெளிவருவதையும், அது பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானோடு சேர்ந்து இரண்டுமே இல்லாமல் போவதையும், அந்த இடத்திலிருந்து இரண்டு ஒளித்துகள்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்புவதையும், அவற்றைச் சுற்றியுள்ள கருவி ஒரே கணத்தில் பிடித்து நோய் எங்கே என்று கண்டுபிடிப்பதையும் கால் மணி நேரம் சொன்னார். ஆள் படுக்கையில் கிடந்து பேசுகிறார் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. பிறகு தனியாகப் பேசும்போது, பயமாக இல்லையா அக்கா என்று கேட்டேன். "பயம் இருக்குது. அதுக்காகப் பாடத்தை விட முடியுமா?" என்றார்.

தளிப் பக்கத்துக் கிராமத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பழைய மாணவிகள் அத்தனை பேர், வாசலில் செருப்பு விட இடமில்லை. மஞ்சுளாவும் பவித்ராவும் வந்திருந்தார்கள். மஞ்சுளா குனிந்து, தட்டிலிருந்த பூவை இரண்டு கையாலும் அள்ளி அவர் காலடியில் போட்டார். என் கணவர் கௌரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அழுகிறவர்களைப் பார்க்கவில்லை, மஞ்சுளாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த திங்கட்கிழமை பிளஸ் ஒன் வகுப்புக்குப் போனேன். பாடம் நடத்தும் நிலையில் நான் இல்லை. கௌரம்மா போனில் சொன்ன அந்த ஸ்கேன் பாடத்தை, அவர் நினைவாக, அப்படியே சொன்னேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், அந்த ரெண்டு லைட்டும் ஆளுக்கொரு பக்கம் போயிடுதில்லீங்களா? ஒரு லைட்டுக்கு இன்னொண்ணு எங்க போச்சுன்னு தெரியுமா மிஸ்?"

'சிலபஸ்ல இல்ல, உக்காரு' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை வருடப் பழக்கம். அதை விழுங்கிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். வலது மூலையில் ஒரு கட்டம் போட்டேன். கோடு நேராக வரவில்லை. அவள் கேட்டதை அவள் வார்த்தையிலேயே அதற்குள் எழுதினேன். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "எனக்குத் தெரியாது" என்றேன்.

இந்த முறை அது பொய் இல்லை. கௌரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கட்டம்தான். பெருக்குகிற அம்மாவிடம் அதைத் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.